அப்பா கையால் போட்ட இரண்டு எண்கள்

வீடுகளுக்கு இன்டர்நெட் கொடுக்கும் ஒரு கம்பெனியில் அப்பாவுக்கு வேலை. கம்பத்திலிருந்து வயரை இழுத்து, சுவரில் துளை போட்டு, உள்ளே கொண்டுவந்து ரவுட்டரில் சொருகுவார். ரவுட்டர் என்று அவர் சொல்ல மாட்டார். அவருக்கு அது பெட்டி. பெட்டியில் விளக்குகள் ஒவ்வொன்றாக எரியும். கடைசி விளக்கு பச்சையாகும் வரை தரையில் சம்மணம் போட்டு அதையே பார்த்துக்கொண்டிருப்பார். யார் போன் பண்ணி நெட் வரவில்லை என்றாலும் அவருடைய முதல் கேள்வி, "பச்சை லைட்டு எரியுதா?" என்பதுதான். அதனால் எங்கள் பகுதியில் அவருக்குப் பெயரே பச்சை லைட்டு. முகத்துக்கு நேராக "பச்சை லைட்டண்ணே" என்று கூப்பிடுகிறவர்களும் உண்டு. அவர் கோபித்துக்கொண்டதில்லை.

"கரெண்டு போனா என் பேரும் சேர்ந்து போயிடும், அவ்வளவுதான்" என்பார்.

கம்பெனியில் ஒரு விதி உண்டு. பெட்டி வரைக்கும்தான் நம் பொறுப்பு. பச்சை விளக்கு எரிந்து, வீட்டுக்காரரின் போனில் ஒரு பக்கம் திறந்தால் கையெழுத்து வாங்கிக்கொண்டு கிளம்பிவிட வேண்டும். அவர்களுடைய கம்ப்யூட்டரைத் தொடக் கூடாது. அப்பாவோடு வேலை பார்க்கிறவர்கள் அப்படித்தான் செய்வார்கள். அப்பாவுக்கு மட்டும் கை சும்மா இருக்காது. "கம்ப்யூட்டரையும் கொஞ்சம் குடுங்க, ஒரு சின்ன வேலை இருக்கு" என்று வாங்கி, நாலு இடத்தில் தட்டி, இரண்டு எண்களைப் போட்டுத் திருப்பிக் கொடுப்பார். அந்த இரண்டு எண்களைப் பற்றித்தான் நான் எழுதப்போகிறேன். அதைப் புரியவைக்க முதலில் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

நாம் கம்ப்யூட்டரில் ஒரு பெயரை அடிக்கிறோம். கம்ப்யூட்டருக்குப் பெயர் தெரியாது, எண்தான் தெரியும். அதனால் பெயரைச் சொன்னால் எண்ணைச் சொல்ல எங்காவது ஒருவர் இருக்க வேண்டும். அந்த வேலைக்கு டி.என்.எஸ். என்று பெயர். யாரிடம் போய்க் கேட்பது? வீட்டுக்குள் நுழையும் ஒவ்வொரு போனுக்கும் கம்ப்யூட்டருக்கும் பெட்டிதான் அதைச் சொல்கிறது, "இவரைக் கேள்" என்று. புது ஊருக்குப் போகிறவனுக்கு வாசலில் நிற்கும் காவல்காரன் வழி சொல்வதைப் போல. ஆனால் ஒருவன் சட்டைப் பையில் சீட்டு எழுதிக்கொண்டு வந்திருந்தால்? "முனைக் கடைக்காரரை மட்டும் கேள்" என்று அதில் இருந்தால்? அவன் காவல்காரன் முகத்தையே பார்க்க மாட்டான். நேராக முனைக் கடைக்குப் போவான். கடை பூட்டியிருந்தாலும் அங்கேயே நிற்பான்.

அப்பா போட்ட இரண்டு எண்கள் அந்தச் சீட்டு.

அவர் அதைக் காரணமில்லாமல் ஆரம்பிக்கவில்லை. அப்போது கம்பெனி கொடுத்த வெள்ளைப் பெட்டிகள் மட்டமானவை. கொஞ்சம் சூடேறினால் கேட்ட பெயருக்குப் பதில் சொல்லாமல் திணறும். பெட்டியை நடுவில் வைக்காமல், கம்பெனியின் டி.என்.எஸ். எண்களையே கம்ப்யூட்டரில் கையால் எழுதிவிட்டால் பக்கங்கள் பளிச்சென்று திறந்தன. அப்பா தானாகவே கண்டுபிடித்த வழி இது. ஜனங்களுக்குச் சந்தோஷம். "பச்சை லைட்டு வந்து தொட்டுட்டுப் போனாத்தான் வேகமா வருது" என்று பேர் வாங்கிவிட்டார். பிறகு கம்பெனி வெள்ளைப் பெட்டிகளை எடுத்துவிட்டுக் கறுப்புப் பெட்டிகள் கொடுத்தது. அவை நல்ல பெட்டிகள். அந்த எண்களுக்கு இனி தேவையே இல்லை. ஆனால் கைப் பழக்கம் போகவில்லை. அக்கா லேப்டாப் வாங்கிய அன்றைக்குக்கூட, உறையைப் பிரித்த கையோடு அப்பா அதை மடியில் வைத்து அந்த எண்களைப் போட்டார்.

அக்கா ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறாள். வருகிறவர்களுக்கு ஃபிரேம் எடுத்துக் காட்டுவாள், மூக்கில் சரியாக உட்காருகிறதா என்று பார்ப்பாள், ஸ்க்ரூ முடுக்குவாள். கடைக்குள்ளேயே ஒரு கண்ணாடிக் கதவு உண்டு. அதற்குப் பின்னால் கண் பரிசோதிக்கிறவர் உட்கார்ந்திருப்பார். அக்காவுக்கு அந்தக் கதவுக்கு உள்ளே போக வேண்டும். அதற்கு ஒரு படிப்பு, அந்தப் படிப்புக்கு ஒரு நுழைவுத் தேர்வு. வருஷத்துக்கு ஒரு தடவைதான் வைப்பார்கள். வீட்டிலிருந்தே எழுதலாம், ஆனால் கம்ப்யூட்டரில்தான் எழுத வேண்டும், போனில் திறக்காது. தொடங்கிக் கால் மணி நேரம் வரை உள்ளே விடுவார்கள். அதற்குப் பிறகு வாசல் மூடிவிடும்.

கடை விட்டு வந்து கால் வலியோடு படித்தாள். கண்ணின் படத்தைச் சமையலறைச் சுவரில் ஒட்டிவைத்திருந்தாள். "வெங்காயம் நறுக்கும்போது எதிர்ல இவ்வளவு பெரிய கண்ணு நம்மளையே பாக்குது" என்று அம்மா குறைப்பட்டுக்கொள்வாள்.

தேர்வுக்கு முந்தின வாரம் கம்பெனியிலிருந்து அப்பாவின் போனுக்கு ஒரு செய்தி வந்தது. கம்பெனியின் டி.என்.எஸ். எண்கள் மாறப்போகின்றன, பழைய எண்கள் நிறுத்தப்படும், பெட்டிகள் தாமாகவே புதிய எண்களை எடுத்துக்கொள்ளும், ஊழியர்கள் எதுவும் செய்ய வேண்டியதில்லை. சாப்பிடும்போது அப்பா அதை எங்களுக்குப் படித்துக் காட்டினார்.

"ஒண்ணும் செய்ய வேணாமாம். இந்த மாதிரி ஒரு மெசேஜ் வராதான்னுதான் இத்தனை நாளா காத்துக்கிட்டிருந்தேன்" என்று சிரித்தார்.

செய்தியில் பொய் இல்லை. விதிப்படி நடந்தவர்கள் யாருக்கும் செய்ய ஒன்றும் இருக்கவில்லை.

தேர்வு நாள் காலையில் அப்பா பல் தேய்த்துக்கொண்டிருக்கும்போதே போன் வந்தது. வாயில் நுரையோடு "பச்சை லைட்டு எரியுதா?" என்றார். எரிகிறதாம், ஆனால் கம்ப்யூட்டரில் எதுவும் வரவில்லையாம். வைத்ததும் இன்னொரு போன். அதுவும் அதே கதை. சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார். போகிற போக்கில் எங்கள் வீட்டுப் பெட்டியை ஒரு பார்வை பார்த்தார்.

"எல்லாம் செக் பண்ணிட்டியா கண்ணு?"

"நேத்து சாயங்காலமே பண்ணிட்டேன்பா. கேமரா, மைக்கு, பரீட்சைப் பக்கம், எல்லாம் வருது."

"பச்சையாத்தான் எரியுது. நல்லா எழுது."

"நீங்க போய் ஊரைப் பாருங்க. உங்களுக்குத்தான் இன்னைக்குப் பரீட்சை போல" என்றாள் அக்கா.

அவள் குளித்து, மேஜையைச் சுவர் பக்கம் திருப்பி, விதிமுறையில் சொன்னபடி மேஜை மேல் தண்ணீர் பாட்டிலைத் தவிர எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, நேரம் இருக்கும்போதே லேப்டாப்பைத் திறந்தாள். பரீட்சைப் பக்கம் வரவில்லை. வேறு பக்கம் தட்டிப் பார்த்தாள். அதுவும் வரவில்லை. என் போனில் அதே பரீட்சைப் பக்கம் சட்டென்று வந்தது. "தேர்வு எழுதக் கம்ப்யூட்டரைப் பயன்படுத்தவும்" என்று மரியாதையாகச் சொல்லியது.

பெட்டியை அணைத்துப் போட்டோம். பச்சை விளக்கு எரிந்தது. லேப்டாப்பை அணைத்துப் போட்டோம். அக்கா அப்பாவுக்குப் போன் பண்ணினாள். வேறொரு அழைப்பில் இருக்கிறார் என்று அந்தப் பெண் குரல் சொன்னது. மறுபடி பண்ணினாள். மறுபடியும் அதே குரல்.

"ஊர்ல இருக்கிற பொட்டிக்கெல்லாம் உயிர் குடுக்கிற மனுஷன், சொந்த வீட்டுக்கு ஒரு வார்த்தை பேச நேரமில்லை பாரு" என்றாள் அம்மா. சொல்லிவிட்டு அவளும் தன் போனை எடுத்து அவரையே கூப்பிட ஆரம்பித்தாள்.

நான் என் போனில் தேடினேன். இப்படிப் போனில் வந்து கம்ப்யூட்டரில் வராவிட்டால் டி.என்.எஸ்.ஸை மாற்றிப் பாருங்கள் என்று ஒருவர் எழுதியிருந்தார். ரவுட்டரின் பக்கத்துக்குள் எப்படிப் போவது என்றும் இருந்தது. பெயர் இல்லை, வெறும் எண். லேப்டாப்பில் அந்த எண்ணை அடித்தேன். அது திறந்தது.

"டேய், வருதுடா" என்றாள் அக்கா.

எந்தப் பக்கமும் வராத லேப்டாப்பில் அது மட்டும் ஏன் திறந்தது என்று கேட்க எங்கள் இரண்டு பேருக்கும் தோன்றவில்லை. எண்ணாக அடித்ததால்தான் திறந்தது. லேப்டாப்புக்கும் பெட்டிக்கும் பேச்சுவார்த்தை ஒழுங்காகத்தான் இருந்தது. பெயருக்கு எண் சொல்ல வேண்டியவர் மட்டும்தான் இல்லை. அவரைப் பெட்டியில் தேடிப் பிரயோஜனமும் இல்லை. ஆனால் நான் பெட்டியில்தான் தேடினேன். அங்கே டி.என்.எஸ். இடத்தில் வேறு எண்களைப் போட்டுச் சேமித்தேன். பெட்டி அணைந்து எரிந்தது. என் போன் அந்தப் புது எண்களை வாங்கிக்கொண்டு ஜோராக ஓடியது. லேப்டாப் அசையவில்லை. காவல்காரன் சொல்வதை மாற்றினால், சீட்டு வைத்திருக்கிறவனுக்கு என்ன வந்தது?

அம்மா ஓடிப்போய் மேல்மாடி அண்ணனைக் கூட்டிவந்தாள். அவர் தூக்கக் கலக்கத்தோடு, லுங்கியை இழுத்துக் கட்டிக்கொண்டே வந்தார்.

"பொட்டியே வேணாம், தூக்கிப் போடுங்க. என் போன்லேருந்து நெட்டு தர்றேன்."

அவர் போனோடு லேப்டாப்பைச் சேர்த்தோம். சேர்ந்தது. பக்கம் வரவில்லை. வயர் வேறு, கம்பெனி வேறு, எல்லாமே வேறு, அப்படியும் வரவில்லை என்றால்? சீட்டு லேப்டாப்பின் பையிலேயே இருக்கிறது, எந்த வாசல் வழியாகப் போனாலும் அது கூடவே வரும் என்று இப்போது எழுதுவது சுலபமாக இருக்கிறது.

"லேப்டாப்பே போச்சும்மா. வைரஸ்" என்றார் மேல்மாடி அண்ணன். "வேற கம்ப்யூட்டர் யார்கிட்டயாவது இருக்கா?"

"ஆபீஸ் போறவங்கல்லாம் எடுத்துக்கிட்டுப் போயிட்டாங்களே அண்ணே" என்றாள் அக்கா.

தேர்வு தொடங்கிவிட்டது. அக்கா தேர்வு நடத்துகிறவர்களின் உதவி எண்ணுக்குக் கூப்பிட்டாள். நான் அப்பாவின் கம்பெனி உதவி எண்ணுக்குக் கூப்பிட்டேன். அம்மா அப்பாவை விடாமல் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். ஒரே அறையில் மூன்று பேர் மூன்று போனைக் காதில் வைத்துக்கொண்டு மூன்று சுவர்களைப் பார்த்து நின்றோம். மேல்மாடி அண்ணன் நடுவில் நின்று விரலைச் சொடுக்கிக்கொண்டிருந்தார்.

எனக்கு ரொம்ப நேரம் பாட்டுப் போட்டுவிட்டு ஒருவர் வந்தார்.

"ரவுட்டர்ல பச்சை லைட் எரியுதா சார்?"

"எரியுது."

"போன்ல நெட் வருதா?"

"வருது. லேப்டாப்லதான்…"

"அப்ப எங்க பக்கம் எல்லாம் சரியா இருக்கு சார். லேப்டாப் நீங்கதான் பாத்துக்கணும். வேற ஏதாவது உதவி வேணுமா?"

அக்காவுக்குப் பதில் சொன்ன பெண் நல்ல மாதிரி. "உங்க வீட்டு நெட்டுக்கு நாங்க என்னம்மா செய்ய முடியும்?" என்று வருத்தத்தோடு கேட்டாள்.

அந்த நேரத்தில் அப்பா என்ன செய்துகொண்டிருந்தார் என்பது பிறகு அவரே அம்மாவிடம் சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும். ஆன்லைனில் டியூஷன் எடுக்கும் ஒரு கணக்கு வாத்தியார் வீட்டில் அவர் இருந்தார். அதற்கு முன்னால் போன வீடுகளில் பெட்டியை அணைத்துப் போட்டார், குண்டூசியால் குத்தி முதலிலிருந்து ஆரம்பித்தார், ஒரு வீட்டில் பெட்டியையே மாற்றினார். ஒன்றுக்கும் மசியவில்லை. வாத்தியார் வீட்டில் மாணவர்கள் காத்திருக்கிறார்கள். வாத்தியார் வேறு நிமிஷத்துக்கு ஒரு தடவை "என்னாச்சு, என்னாச்சு" என்கிறார். இடுப்பில் போன் ஓயாமல் அதிர்கிறது. எடுத்தால் இன்னொரு வீட்டுக்காரர். வைத்தால் அடுத்தவர். அப்போது வாத்தியாரின் சின்ன மகள் கையில் டேப்லெட்டை ஆட்டிக்கொண்டு வந்தாள்.

"என் டேப்ல பொம்மைப் படம் வருதே அங்கிள். அப்பா கம்ப்யூட்டருக்கு மட்டும் என்ன கோபம்?"

அப்பா அந்தக் கம்ப்யூட்டரின் உள்ளே போய்ப் பார்த்தார். அங்கே அவர் கையால் போட்ட இரண்டு எண்களும் இருந்தன. அவற்றை அழித்துவிட்டு, பெட்டி சொல்கிறபடி கேள் என்று தானாக எடுத்துக்கொள்ளும் இடத்தில் புள்ளியை வைத்தார். வாத்தியாரின் வகுப்பு அந்த நிமிஷமே திறந்தது. "பச்சை லைட்டுன்னா சும்மாவா" என்று வாத்தியார் முதுகில் தட்டினாராம்.

அப்பாவுக்கு அப்போதுதான் எங்கள் வீட்டு லேப்டாப் ஞாபகம் வந்தது.

அக்காவைக் கூப்பிட்டார். அவள் உதவி எண்ணோடு பேசிக்கொண்டிருந்தாள். என்னைக் கூப்பிட்டார். நான் பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்தேன். அம்மாவைக் கூப்பிட்டார். அம்மா அவரைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். இரண்டு பேரும் ஒருவரையொருவர் கூப்பிட்டு, இரண்டு பேரும் அதே குரலைக் கேட்டார்கள். அம்மாவின் போனுக்கு "ஆட்டோமேட்டிக்னு மாத்தச் சொல்லு" என்று ஒரு செய்தி அடித்துவிட்டு வண்டியை எடுத்தார். அந்தச் செய்தி வந்து சேர்ந்தது. அம்மா அழைப்பதை நிறுத்தினால்தானே அதைப் பார்ப்பாள்.

அப்பா செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்தார். அக்கா நாற்காலியிலிருந்து எழுந்து வழி விட்டாள். அவர் உட்காராமல் குனிந்தபடியே நாலு இடத்தில் தட்டினார். எண்கள் மறைந்தன, புள்ளி இடம் மாறியது. மொத்தமாக ஒரு மூச்சு விடும் நேரம்கூட ஆகவில்லை.

பரீட்சைப் பக்கம் பளிச்சென்று வந்தது. நீல நிறத்தில், அழகான எழுத்துகளில், நுழைவதற்கான நேரம் முடிந்துவிட்டது என்று இருந்தது.

அப்பா பக்கத்தை மூடித் திறந்தார். மறுபடி திறந்தார்.

"இப்ப நல்லா வேகமா வருதுப்பா" என்றாள் அக்கா.

அவள் திட்டியிருந்தால் பரவாயில்லை என்று அப்பா அம்மாவிடம் பிறகு சொன்னார். மேல்மாடி அண்ணன், "என்னண்ணே மாத்துனீங்க? எப்படி வந்துச்சு?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். அம்மா அவரைக் கையைப் பிடித்து வாசல்வரை கொண்டுபோய் விட்டாள். அப்பாவின் இடுப்பில் போன் மறுபடி அதிர ஆரம்பித்தது. அவர் அதை எடுத்துப் பார்த்தார். அக்காவைப் பார்த்தார்.

"எடுங்க. அவங்களுக்காவது வரட்டும்" என்றாள் அக்கா.

தேர்வு அலுவலகத்துக்கு எழுதினோம். வருந்துகிறோம், வீட்டு இணைப்புக் கோளாறுக்கு மறு தேர்வு இல்லை, அடுத்த ஆண்டு விண்ணப்பிக்கலாம் என்று பதில் வந்தது. கம்பெனியில் அப்பா தானாகவே போய் மேலாளரிடம் சொன்னார். எல்லாக் கம்ப்யூட்டர்களிலும் எண்ணைப் போட்டது தான்தான் என்று. மேலாளர், "பொட்டியோட நிறுத்துங்கன்னு எத்தனை தடவை சொல்லியிருக்கோம்? நல்லவேளை, யாரும் கம்ப்ளெயின்ட் பண்ணலை. விடுங்க" என்று அனுப்பிவிட்டார்.

யாரும் புகார் செய்யவில்லை என்பதுதான் அப்பாவை இன்னும் வாட்டியது. எந்தெந்த வீட்டில் போட்டோம் என்று அவருக்கு ஞாபகமில்லை. அதனால் லீவு நாளில் தெருத் தெருவாகப் போய்க் கதவைத் தட்டி, "கம்ப்யூட்டர்ல நெட்டு வருதா?" என்று கேட்டார். வராத வீடுகளில் சரிசெய்து கொடுத்தார். ஒரு வீட்டில் மனது கேட்காமல், "நான்தாங்க அன்னைக்குத் தப்பாப் போட்டுட்டுப் போனேன்" என்று சொல்லியும்விட்டார். அந்த வீட்டு அம்மா, "அதெல்லாம் விடுங்கண்ணே, கூப்பிடாமலே வந்து பாக்குறீங்களே, இந்தக் காலத்துல யார் செய்றா?" என்று காபி கொடுத்தாள். அப்பா அந்தக் காபியைக் குடிக்கத் தெரியாமல் குடித்துவிட்டு வந்தார். ஊரே அவரை மன்னித்தது. ஊருக்கு அவர் செய்த தப்பு புரியவே இல்லை. புரிந்த ஒரே வீடு எங்கள் வீடு.

இப்போது அப்பா வேலைக்குப் போகிற வீடுகளில் பச்சை விளக்கு எரிந்ததும் எழுந்துவிடுகிறாராம். "கம்ப்யூட்டரையும் ஒரு தடவை பாருங்களேன்" என்று அவர்களே நீட்டினாலும், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, "பொட்டி வரைக்கும்தாங்க" என்கிறாராம். பச்சை லைட்டுக்குக் கர்வம் வந்துவிட்டது என்று முனைக் கடையில் பேசிக்கொண்டது என் காதிலும் விழுந்தது.

அக்கா கடைக்குப் போகிறாள். கண்ணாடிக் கதவுக்கு இந்தப் பக்கமே நின்று ஃபிரேம் காட்டுகிறாள். சமையலறைச் சுவரிலிருந்து கண் படத்தை அவள் எடுக்கவில்லை. அம்மாவும் இப்போது அதைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை. அக்கா அப்பாவிடம் முன்போலவே பேசுகிறாள், சாப்பிட்டீர்களா என்று கேட்கிறாள், அவர் சட்டையை இஸ்திரி போட்டு வைக்கிறாள். கோபம் என்று எதையும் காட்டிச் சொல்ல முடியாது.

நேற்று சாயங்காலம் அவள் மேஜையில் லேப்டாப்பைத் திறந்து வைத்திருந்தாள். ஏதோ ஒரு பக்கம் பாதி வந்து நின்றுவிட்டது. அவள் பெருமூச்சு விட்டாள். அவ்வளவுதான், அப்பா கூடத்தில் செருப்பு மாட்டப் போனவர் அப்படியே நின்றார்.

"மெதுவா வருதா கண்ணு?"

"வந்துடும்பா."

"நான் ஒரு தடவை பாக்கட்டுமா?"

"வேணாம்பா."

அவர் அறை வாசலைத் தாண்டவில்லை. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார். அங்கிருந்தே எட்டி, அலமாரி மேலிருந்த பெட்டியைப் பார்த்தார்.

"பச்சையாத்தான் எரியுது" என்றார்.

"தெரியும்பா" என்றாள் அக்கா.